வாந்தி ஊசியும் வதந்தியும்

“வாந்தி ஊசி போட்டால் ஆள் தப்பாது.” இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று கண்டிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. 2025 டிசம்பரில் கண்டி தேசிய வைத்தியசாலையில் வாந்தியை நிறுத்தும் ஒண்டன்செட்ரோன் ஊசி ஏற்றிய சிலருக்கு ஒவ்வாத விளைவுகள் வந்ததாக அறிவிக்கப்பட்டது. உடனே தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, இந்தியாவிலிருந்து வந்த அந்த ஊசியின் குறிப்பிட்ட தொகுதிகளை நிறுத்தியது. சந்தேகம், குப்பிக்குள் கிருமி கலந்துவிட்டதோ என்பதுதான். ஒண்டன்செட்ரோன் என்ற மருந்தின் மேல் அல்ல. இரத்தத்துக்குள் நேரே போகிற எதுவும், சேலைன் உட்பட, கிருமி கலந்தால் ஆபத்துத்தான். ஒண்டன்செட்ரோன் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து. “இது எந்தத் தொகுதி, மிஸ்?” என்று வாட்டில் கேட்பது நியாயம். வீட்டில் இருக்கும் ஒண்டன்செட்ரோன் மாத்திரையைத் தூக்கி எறிவது நியாயமில்லை.

“வாந்தி எடுத்தால்தான் மருந்து வேலை செய்யுது.” பாவம், இதை நம்பித்தான் பலர் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறார்கள். சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள் குடலிலுள்ள சில கலங்களைச் சீண்ட, அவை செரட்டோனினை வெளிவிடுகின்றன. அது நரம்பு வழியே மூளையை உசுப்புவதால் வாந்தி வருகிறது. கட்டி கரைவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒண்டன்செட்ரோன் அந்தச் செய்தியை வழியிலேயே மறிப்பது. அதனால்தான் மருந்தேற்றும் முன்பே கொடுக்கிறார்கள். சிஸ்பிளாட்டினுக்குப் பிந்திய குமட்டல் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். வீட்டுக்குத் தந்துவிடும் மாத்திரைகள் அதற்காகத்தான். குமட்டட்டும், பிறகு பார்ப்போம் என்று பைக்குள் வைத்திருக்கக் கூடாது.

கண்டியில் மருந்தேற்றிவிட்டு நுவரெலியாவுக்குத் திரும்பும்போது றம்பொடை வளைவுகளில் வருவது வேறு வாந்தி. பஸ் குமட்டலை ஒண்டன்செட்ரோன் பெரிதாகத் தடுப்பதில்லை. அதற்கு வேறு மாத்திரை உண்டு, கிளினிக்கில் கேளுங்கள். பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவருக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின்னும் வாந்தி வரும் வாய்ப்பு அதிகம். மயக்கம் கொடுக்கும் டொக்டர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

குமட்டலுக்கு இஞ்சிப் பிளேன்டீ குடிக்கலாம். மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

“எல்லாம் ஒரே வாந்தி மாத்திரைதானே, பாமசியில் வாங்கலாம்.” அப்படியில்லை. மெட்டோகுளோப்பிரமைட் என்ற வாந்தி மாத்திரை இளவயதினர் சிலருக்குக் கழுத்தைத் திருகி, கண்ணை மேலே செருகவைக்கும். பார்ப்பவர்கள் பேய்க்கோளாறு என்று பயந்துவிடுவார்கள். வைத்தியசாலையில் ஓர் ஊசியோடு அடங்கிவிடும். ஒண்டன்செட்ரோனும், இன்னொரு வாந்தி மாத்திரையான டொம்பெரிடோனும் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பக்கூடியவை. இதய நோயாளி இரண்டையும் தானாகச் சேர்த்துப் போடவே கூடாது. கூடவே தரும் டெக்ஸாமெதசோன் சீனி வருத்தக்காரருக்குச் சீனியை ஏற்றும். ஒண்டன்செட்ரோனால் மலச்சிக்கல் வருவது சகஜம், வெட்கப்படாமல் சொல்லலாம்.

மருந்துத் துண்டில் ஒலன்சபின் என்று இருந்தால், “இது மனநோய் மருந்தாச்சே” என்று யாராவது சொல்வார்கள். அதற்கும்தான். ஆனால் குறைந்த அளவில் குமட்டலுக்கு நன்றாகக் கேட்கும். தூக்கம் வரும், அதனால் பெரும்பாலும் இரவில் போடச் சொல்வார்கள்.

மருந்தேற்றிய பின் 38 பாகை செல்சியஸுக்குக் காய்ச்சல் ஏறினாலோ, குடித்த தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்க வயிற்றில் தங்காவிட்டாலோ, அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கொப்பியோடு போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.