அலமாரிக் கதவில் வண்ணக் கண்ணாடி: அழகும் வேண்டும், சரக்கின் நிறமும் மாறக்கூடாது



ஆலத்தியூர் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நமக்குத் தூசியைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சிமென்ட் ஆலைக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் லாரிகள் போய்வரும் சாலையில், காலையில் துடைத்த தட்டில் மாலைக்குள் விரலால் பெயர் எழுதலாம். ஆகவே திறந்த தட்டுகளை விட்டு, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்கு நம்மில் பலர் மாறி வருகிறோம். மாறுவதோடு கதவில் வண்ணக் கண்ணாடி பதித்து உள்ளே விளக்கும் போட்டால் கடை எடுப்பாக இருக்கும் என்ற எண்ணமும் வருகிறது. எங்களுக்கும் வந்தது. அதில் நாங்கள் செய்த தவற்றையும் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் கடையில் பருப்பு வகைகள் இருக்கும் அலமாரியின் கதவு முழுவதற்கும் மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணாடி பதித்து, உள்ளே மஞ்சள் விளக்குகளைப் போட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து, பல வருடங்களாக நம்மிடமே சாமான் வாங்கும் ஒரு அம்மா, ஒரு பிடி துவரம்பருப்பை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார். வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறமா இருக்கே, சாயம் கீயம் போட்டதா?" என்று கேட்டார். பருப்பில் தவறு இல்லை. ஆனால் மெட்டானில் யெல்லோ என்ற அனுமதியில்லாத மஞ்சள் சாயம் பருப்பில் கலக்கப்படுவதைப் பற்றி மக்கள் அறிந்திருக்கிறார்கள். அவர் கேட்டதில் குற்றமில்லை. சந்தேகத்தைக் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் பதித்தவர்கள் நாங்களே.

வண்ணக் கண்ணாடியின் இடம் எது?

செட்டிநாட்டுப் பக்கம் போனவர்கள் அங்குள்ள பழைய வீடுகளைப் பார்த்திருப்பார்கள். வாசலுக்கும் ஜன்னலுக்கும் மேலே உள்ள வளைவில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் இருக்கும். அவை தலைக்கு மேலே இருப்பதால் கை படாது. வெயில் பின்னாலிருந்து வருவதால் நிறம் ஒளிரும். கீழே நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு அவை குறுக்கே வருவதில்லை. சென்னை சாந்தோம் தேவாலயத்திலும் புதுச்சேரி திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவிலும் உள்ள ஓவியக் கண்ணாடிகளும் இப்படியே பின்னொளியால்தான் பொலிகின்றன.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி எளியது. வண்ணக் கண்ணாடி அலமாரியின் தலைப்பகுதியில் ஓர் அடி உயரத்துக்கு இருக்கட்டும். சரக்கு தெரியும் கதவில் நிறமற்ற கண்ணாடியே இருக்கட்டும். நாங்கள் பிறகு அப்படியே மாற்றிக்கொண்டோம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கண்ணாடி என்பது மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை உருக்கிச் செய்வது. உருகும்போது கோபால்ட் சேர்த்தால் நீலம், இரும்பு சேர்த்தால் பச்சை என நிறம் உள்ளேயே கலந்துவிடும். அது வெயிலில் வெளுக்காது. சாதாரணக் கண்ணாடியின்மேல் வண்ணத்தாள் ஒட்டியதும் உண்டு. விலை குறைவுதான், ஆனால் நாளடைவில் வெளுக்கும், ஓரம் உரியும். வாங்குமுன் ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடைகள் உள்ளன. அங்கே பழைய வண்ணக் கண்ணாடிகளைத் தேடிப் பார்க்கலாம்.

துண்டுகளை இணைத்து ஓவியமாகச் செய்த பலகைகளில் ஒரு எச்சரிக்கை உண்டு. பழைய முறையில் துண்டுகளைக் காரீயப் பட்டையால் இணைப்பார்கள். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு, இது வேறு. காரீயம் நஞ்சு. அதன் பொடி உணவில் விழக்கூடாது. செம்புத் தகடு சுற்றிப் பற்றவைக்கும் முறையிலும் பற்றாசில் காரீயம் இருக்கலாம். காரீயம் இல்லாத பற்றாசு கேட்டு வாங்குங்கள். எதுவானாலும், பலகைக்கும் சரக்குக்கும் நடுவே ஒரு நிறமற்ற கண்ணாடியோ மரத்தடுப்போ இருக்க வேண்டும். துடைத்த துணியை வேறு வேலைக்கு எடுக்காமல், கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். வீட்டுச் சமையலறை அலமாரிக்கும் இதே விதிதான்.

கீழ்க் கதவுக்குக் கெட்டியாக்கப்பட்ட டஃபன்ட் கண்ணாடி போடுவதே நல்லது. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற சில்லுகளாகும். இது சிறு சிறு மழுங்கிய துண்டுகளாக உதிரும். ஆனால் செய்த பிறகு இதை வெட்டவோ துளையிடவோ முடியாது. கீல், கைப்பிடித் துளைகள் உட்பட அளவை முன்னரே சரியாகக் கொடுக்க வேண்டும். எந்தக் கண்ணாடி உடைந்தாலும், அதன் கீழே திறந்திருந்த சரக்கை நட்டம் என்று எண்ணிக் கொட்டிவிட வேண்டியதுதான். சலித்து விற்கும் எண்ணம் வேண்டாம்.

பொருத்தும் முறை

4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர அடிக்கு ஏறக்குறைய 0.9 கிலோ எடை. ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரமுள்ள கதவில் கண்ணாடி மட்டும் 2.8 கிலோ வரும். இதை ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் தகுந்த கீல் போடுவார். ஓவியப் பலகையும் அதன் பின்னே தடுப்புக் கண்ணாடியும் சேர்ந்தால் எடை இருமடங்காகும்.

மரச்சட்டத்தில் எடுத்த காடியைவிடக் கண்ணாடி நீளத்திலும் அகலத்திலும் 3 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் உப்பும், கண்ணாடி விட்டுக்கொடுக்காது. இறுக்கிப் பொருத்திய கண்ணாடி ஐப்பசியில் விரிசல் விடும். கண்ணாடியை வைத்தபின் உட்புறம் மரப் பீடிங் அடித்து, ஓரத்தில் சிலிகான் பசை ஓட்டினால் அதிராது, தூசியும் புகாது. ஆணியைவிடச் சிறு திருகாணி மேல். பிறகு கழற்றுவதும் எளிது.

விளக்கு போடும் முறை

இங்கே வேலை இரண்டு. வண்ணக் கண்ணாடியை ஒளிரச் செய்வது ஒன்று, சரக்கைக் காட்டுவது மற்றொன்று. ஒரே விளக்கை இரண்டுக்கும் போட்டதுதான் நாங்கள் செய்த தவறு.

தலைப்பகுதியைத் தனிப் பெட்டியாக அடைத்து, உள்ளே வெள்ளை வண்ணம் பூசுங்கள். ஓரங்களில் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டியை ஒட்டி, அதற்கும் வண்ணக் கண்ணாடிக்கும் நடுவே பால்நிற அக்ரிலிக் தகடு வையுங்கள். தகடு இல்லாவிட்டால் ஒளி புள்ளி புள்ளியாகத் தெரியும். முன்னாலிருந்து விளக்கு அடித்தால் வண்ணக் கண்ணாடி கறுத்துத்தான் தெரியும்.

சரக்குக்கு வெள்ளை ஒளி வேண்டும். பெட்டியில் 4000 முதல் 5000 கெல்வின் என்று போட்டிருப்பதையும், நிறத்தை உள்ளபடி காட்டும் சி.ஆர்.ஐ. எண் 90 அல்லது அதற்கு மேல் உள்ளதையும் கேட்டு வாங்குங்கள். விளக்குப் பட்டியைக் கதவுச் சட்டத்தின் உட்புறம் ஒட்டினால் ஒளி சரக்கின் முகத்தில் விழும்.

பழைய குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். மூடிய அலமாரிக்குள் அந்த வெப்பம் மிட்டாயை இளக்கும், நெய்யையும் எண்ணெயையும் சீக்கிரம் காறச் செய்யும். 40 வாட் பல்பு நான்கு, தினம் 10 மணி நேரம் எரிந்தால் மாதம் 48 யூனிட். அந்த இடத்தில் 5 வாட் எல்.இ.டி. நான்கு போட்டால் 6 யூனிட்தான். மீதியாகும் 42 யூனிட் நம் கணக்கில் வரவு.

குளிர்ந்த விளக்கானாலும் ஒளியும் சில சரக்குகளுக்கு ஆகாது. மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் ஒளியில் நிறம் குன்றும். எண்ணெய் காறும். இவற்றை மரக்கதவுக்குப் பின்னே வைத்துவிட்டு, மாதிரிக்கு ஒரு பாக்கெட் மட்டும் கண்ணாடிக்குள் வைக்கலாம்.

விளக்கின் அடாப்டரை அலமாரிக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். கீல் பக்கம் வரும் ஒயர் கதவு திறந்து மூடும்போது நசுங்கக்கூடாது. அடைப்புக்குள் ஒயரைக் கடிக்க எலி வரும் என்பதால் குழாய்க்குள் விட்டு எடுக்க வேண்டும். எர்த் இணைப்பைச் சரிபார்க்க எலக்ட்ரீஷியனையே அழையுங்கள்.

நம்பிக்கையே முதல்

காய்கறிக்குப் பச்சை விளக்கும், இறைச்சிக்குச் சிவப்பு விளக்கும் போட்டு நிறத்தைக் கூட்டிக் காட்டும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. சீனாவில் விளைபொருளின் உண்மை நிறத்தை வெளிப்படையாக மாற்றிக் காட்டும் விளக்குகளைக் கடைகளில் போடக்கூடாது என்று 2023 டிசம்பர் 1 முதல் தடை வந்துவிட்டது. நமக்கு யாரும் வந்து தடை சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமா? கண்ணால் கண்டு வாங்கும் வாடிக்கையாளருக்கு அந்தக் கண்ணை ஏமாற்றாத வெளிச்சம் கொடுப்பது, சரியான எடைக்கல் வைப்பதற்குச் சமம்.

அலமாரி வேலை முடிந்த அன்று ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பிடி துவரம்பருப்பை உள்ளே விளக்கில் பாருங்கள், அதையே வாசலில் வெயிலில் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே நிறமாக இருந்தால் ஆசாரிக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் மனநிறைவோடு கூலி கொடுக்கலாம். எங்கள் கடையில் மாற்றி அமைத்த பிறகும் அந்த அம்மா இரண்டு முறை பருப்பை வாசலுக்கு எடுத்துப் போனார். மூன்றாம் முறை போகவில்லை.