அரிசிக்கும் அலர்ஜியா? வயிற்று நோய் மருத்துவர் பதில்கள்

கேள்வி: காலையில் காபி குடித்த ஒரு மணி நேரத்துக்குள் வயிறு கடமுடாவென்கிறது, உப்புசம், சில நாள் பேதி. தயிர்சாதம் ஒன்றும் செய்வதில்லை. 48 வயதில் பால் அலர்ஜி வருமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: பயப்படாதீர்கள். அலர்ஜி என்றால் தயிரும் உங்களைச் சும்மா விட்டிருக்காது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி, வயது ஏற ஏற நம்மில் பலருக்குக் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிறது. தயிரிலோ உறைமோர்க் கிருமிகள் அதில் ஒரு பங்கை முன்பே தின்றுவிடுகின்றன. வெறும் வயிற்றில் காபி வேண்டாம். இட்லிக்குப் பிறகு அரை டம்ளர் குடியுங்கள். காபியே சிலருக்குக் குடலைக் கிளப்பும். ஒரு வாரம் பால் இல்லாத டிகாக்ஷன் குடித்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குப் பசும்பால் அலர்ஜி என்று டாக்டர் சொன்னார். ஆட்டுப்பால் கொடுக்கச் சொல்கிறார் மாமியார். – வாசகி, தேனி

பதில்: கூடாது. இரண்டிலும் புரதம் ஏறக்குறைய ஒன்றேதான். தாய்ப்பாலைத் தொடருங்கள். நான் சொன்னதாக மாமியாரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: உப்புசத்துக்காக ‘உணவு ஒவ்வாமை’ ரத்தப் பரிசோதனை எடுத்தேன். அரிசி, துவரை, முட்டை, கோதுமை என 31 பொருட்களுக்குச் சிவப்புக் குறி. நான்கு மாதமாக எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். உப்புசம் போகவில்லை, எடைதான் குறைந்தது. – வாசகர், திருப்பூர்

பதில்: அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடுங்கள். அதில் பார்த்திருப்பது பெரும்பாலும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம். ஒரு பொருளைச் சாப்பிட்டுப் பழகிய உடம்பில் அது இருப்பது இயல்பு. தினமும் சோறு சாப்பிடுகிறவருக்கு அரிசி சிவப்பில் வராமல் வேறென்ன வரும்? ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இது உதவாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் சங்கம் 2008லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் கலர் கலராக அச்சடித்த தாளோடு வந்து, “இனி எதைத்தான் சாப்பிடுவது டாக்டர்?” என்று கேட்பவர்கள் குறையவில்லை. பார்க்க வேண்டியது ஐஜிஇ என்ற வேறொரு எதிர்ப்புப் புரதம்; அதுவும் சாப்பிட்டதும் தடிப்பு, வீக்கம், வாந்தி வருகிறவருக்குத்தான்.

நீங்கள் கோதுமையை விட்டதுதான் எனக்குக் கோபம். சீலியாக் நோய் இருந்தால் கோதுமையின் குளூட்டன் சிறுகுடலின் உட்சுவரை அரிக்கும். அதற்கான டிடிஜி பரிசோதனையில், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் நோய் தெரியும். இப்போது எடுத்தால் இருக்கிற நோயும் ஒளிந்துகொள்ளும். ஆறு வாரம் தினமும் இரண்டு வேளை கோதுமை சாப்பிட்டுவிட்டுப் பரிசோதியுங்கள். அது சரி, விட்டுவிட்டேன் என்கிறீர்களே, ரசத்தில் பெருங்காயம் போட்டீர்களா? டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். ரவையும் சேமியாவும்கூடக் கோதுமைதான்.

அரிசியும் முட்டையும் இன்றே சாப்பிடுங்கள். உப்புசத்துக்கு என் சந்தேகம் வெங்காயம், பூண்டு, பருப்பு மீதுதான். இரண்டு வாரம் குறைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எடை குறைந்தது பட்டினியாலா, நோயாலா என்பதை ஒரு மருத்துவர் நேரில் பார்க்கட்டும்.

கேள்வி: இறால் சாப்பிட்டால் உதடு தடித்து வாந்தி வருகிறது. நன்றாக வேகவைத்து ஒன்றிரண்டு சாப்பிடலாமா? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: என்ன விளையாட்டு இது? இறாலின் அந்தப் புரதம் வேகவைத்தாலும் அழியாது. இன்று உதட்டில் வந்தது நாளை தொண்டையில் வரலாம். அப்படி மூச்சுத் திணறினால் மாத்திரை தேடிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். அப்போது காப்பாற்றுவது அட்ரினலின் ஊசிதான். அலர்ஜி மருத்துவரைப் பாருங்கள். அதுவரை நண்டும் வேண்டாம்.