அழகும் உண்மையும் விடுதலும்

அழகு எங்கே உண்டோ அங்கே உண்மையும் உண்டென்று கருதுதல் மாந்தர் இயல்பு. அக்கருத்து முற்றும் பொருந்துமோ என்பதைத் திருக்குறளின் துறவு அதிகாரங்கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

எப்பொருளினின்று ஒருவன் நீங்கினானோ அப்பொருளால் அவனுக்குத் துன்பமில்லை என்பது அவ்வதிகாரத்தின் முதற்குறட் கருத்து (341). அதனை ஓதுங்கால் இரண்டு இதழ்களும் ஒருமுறையேனும் ஒட்டுவதில்லை. இதழியைந்து பிறக்கும் பகர மகரங்கள் அதன்கண் இல்லை. இறுதிக்குறளோ (350) பற்றற்றவனாகிய இறைவனைப் பற்றுமாறு பணிப்பது. அதில் 'பற்று' என்னும் சொல் 6 முறை வருதலின் இதழ்கள் மீண்டும் மீண்டும் ஒட்டுகின்றன. ஆயினும், விடுதலைக் குறிக்கும் கடைச்சொல்லில் அவை ஒட்டுவதில்லை. அதன் முதலெழுத்தாகிய வகரம் மேற்பல்லும் கீழிதழும் சேரப் பிறப்பதன்றோ? பற்றைக் கூறுங்கால் ஒட்டியும், விடுதலைக் கூறுங்கால் ஒட்டாதும் நிற்கும் இவ்வமைதி செவிக்கும் சிந்தைக்கும் இனிதே.

இதனை முதன்முதற் கேட்டஞான்று யாம் பெரிதும் மகிழ்ந்தேம். வள்ளுவர் வேண்டுமென்றே இங்ஙனம் யாத்தார் என்று பிறர்க்கும் சொல்லித் திரிந்தேம். பின்னர்க் காலமறிதல் அதிகாரத்தைப் பயிலுங்கால் ஓர் இடையூறு நேர்ந்தது. அதன் ஒன்பதாங்குறளும் (489) இதழ் ஒட்டாததே. ஆனால் அது விடுதலைப் பேசவில்லை. கிடைத்தற்கரிய காலம் வாய்த்தபொழுது அதனை நழுவவிடாது அரிய செயலைச் செய்க என்கின்றது. அன்றியும், 341-ஆம் குறளிலேயே ஓகாரம் வருமிடத்து இதழ் ஒட்டாவிடினும் குவிகின்றது.

இவற்றை மறைத்துவிடின் எம் கொள்கை அழகாகவே நிற்கும். அதனை மறுப்பாரும் அரியர். எனினும், அழகைக் காத்தற்பொருட்டு உண்மையை மறைத்தல் கற்பார்க்குத் தகுமோ? துறவைப் பற்றிய ஆராய்ச்சியிலேயே எம் கொள்கையைத் துறவாது பற்றிநிற்றல் நகைப்புக்கு இடமாமன்றோ? ஆதலின் 'வேண்டுமென்றே' என்ற துணிபினை விட்டேம். விட்டபின் நோக்க, குறளின் ஒலியழகு சிறிதும் குறைந்திலது. நீங்கியது எம் கற்பனையே.

பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில் துறவு 35-ஆம் அதிகாரம். மெய்யுணர்தல் 36-ஆம் அதிகாரம். விட்டபின்னரே மெய் விளங்கும் என்பதற்கு இம்முறை இயைந்து நிற்கின்றது. கெத்செமனேத் தோட்டத்தில் தம் சித்தத்தைப் பிதாவினிடம் ஒப்புவித்த ஆண்டவரை வழிபடுவார்க்கு இப்பாடம் புதியதன்று. பொருளை விடுதல் அரிது. தாம் விரும்பிய கருத்தை விடுதல் அதனினும் அரிது. கல்லூரியில் நாம் பெறும் கல்வி அவ்வாற்றலைத் தருமாயின் அதுவே அழகிய கல்வியாம்.