மலைச் சதுப்பும் சிறு பாலூட்டிகளும்

முன்னுரை

காட்டுயிர்ப் பாதுகாப்பு என்றவுடன் புலி, யானை, வரையாடு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. உள்ளங்கையில் அடங்கும் பாலூட்டிகள் நினைவுக்கு வருவதில்லை. வந்தாலும் அவை யாவற்றையும் ‘எலி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். நீலகிரியின் உயர்மலைச் சதுப்பு நிலங்களையும், அவற்றைச் சார்ந்து வாழும் சிறு பாலூட்டிகளையும், அவற்றைப் பெயரறிந்து காக்க வேண்டியதன் இன்றியமையாமையையும் இக்கட்டுரையில் காண்போம்.

சதுப்பின் இயல்பு

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் நீலகிரியின் மேட்டுநிலம் பரந்து கிடக்கிறது. சரிவுகளில் புல்வெளி, மலை மடிப்புகளில் சோலைக்காடு, தாழ்ந்த இடங்களில் சதுப்பு என மூன்றும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சதுப்பு மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையற்ற நாள்களில் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. நீர் தேங்கிய நிலத்தில் புல்பூண்டுகள் முற்றிலும் மக்குவதில்லை. ஆண்டாண்டாகப் படிந்து கருமண்ணாகின்றன. இப்படிவுகளை ஆராய்ந்து, தென்னிந்தியாவின் 20,000 ஆண்டுத் தட்பவெப்ப வரலாற்றை அறிவியலறிஞர்கள் 1993இல் வெளியிட்டனர். தோடர்கள் தம் கோயில்களுக்குக் கூரை வேயும் புல்லும் இச்சதுப்புகளில் விளைவதேயாகும்.

எலி வேறு, மூஞ்சூறு வேறு

தான் போக வழியில்லாத மூஞ்சூறு விளக்குமாற்றையும் கட்டிக்கொண்டது என்பது நம் பழமொழி. ஏளனமாகச் சொன்னாலும், நம் முன்னோர் மூஞ்சூற்றை எலியினின்று பிரித்துத் தனிப்பெயரிட்டுள்ளனர். இப்பிரிவு அறிவியலுக்கும் உடன்பாடானதே. எலி கொறிக்கும் இனம். தானியமும் விதையும் அதன் முதன்மை உணவு. மூஞ்சூறு பூச்சியும் புழுவும் உண்பது. உறவு முறையில் அது எலியைவிட முள்ளெலிக்கே நெருங்கியது.

நீலகிரிப் புல்வெளியில் மென்மயிர் வயலெலி வாழ்கிறது. குன்னூரில் கிடைத்து 1898இல் அறிவியல் பெயர் பெற்ற சுண்டெலி ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையையன்றி வேறெங்கும் இல்லாதது. பிரான்சிஸ் டே என்பாரின் பெயர் தாங்கிய சோலை மூஞ்சூறும் தென்னிந்தியாவுக்கே உரியதாகும்.

இவற்றுள் சதுப்போடு மிக நெருங்கியது நீள்நக மூஞ்சூறு. இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட் 1850இல் இதனை முதன்முதலில் விவரித்தார். தன் பேரினத்தில் இஃது ஒன்றே இனம். முன்கால்களின் நீண்ட நகங்கள் ஈரமண்ணைக் கிளற உதவுகின்றன. நெடுங்காலம் இலங்கையின் மலைநாட்டுக்கு மட்டுமே உரியதென்று கருதப்பட்ட இவ்விலங்கு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தென்னிந்திய மலைகளிலும் உள்ளதென அறியப்பட்டது. கடல் மட்டம் தாழ்ந்திருந்த பண்டைக்காலத்தில் இரு நிலங்களும் இணைந்திருந்தமைக்கு இத்தகைய உயிர்கள் சான்றாகின்றன.

நேர்ந்த கேடு

மூஞ்சூறு மிக விரைவாக உணவைச் செரிப்பது. சில மணி நேரம் இரை கிட்டாவிடினும் உயிருக்கு இடர். எனவே ஈரமும் புழுவும் நீங்கிய நிலத்தில் அது நிலைத்து வாழ இயலாது. அத்தகைய ஈரநிலத்தைத்தான் நாம் ‘பயனற்ற நிலம்’ என்று கருதினோம். வாய்க்கால் வெட்டி நீரை வடித்து உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பயிரிட்டோம். நீர்மின் அணைகளின் கீழ்ச் சில பள்ளத்தாக்குகள் மூழ்கின. வெளிநாட்டினின்று கொணர்ந்த சீகையும் தைலமரமும் புல்வெளிகளை மூடி, நிலத்தடி ஈரத்தையும் உறிஞ்சின.

சட்டமும் நெடுங்காலம் பொதுப்பெயரையே நோக்கியது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் எலி, சுண்டெலி ஆகியவற்றை ஐந்தாம் அட்டவணையில் தொல்லை விலங்குகளாக வைத்தது. வீட்டுக் குதிரில் புகும் எலிக்கும், மலைக்கே உரிய அரிய சுண்டெலிக்கும் அங்கே பெயர் ஒன்றே. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அவ்வட்டவணை நீக்கப்பட்டது.

காக்கும் நெறி

நீலகிரி 1986இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. முக்கூர்த்தி தேசியப் பூங்கா 78.46 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலை 2024இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. இவை நற்செய்திகளே. ஆயினும் ஊரோரத்திலும் தோட்டங்களுக்கு இடையிலும் எஞ்சிய சிறு சதுப்புகள் பல இவ்வெல்லைகளுக்கு வெளியே உள்ளன. யானைக்குப் பெருங்காடு வேண்டும். மூஞ்சூற்றுக்கோ ஓர் ஓடைக்கரை போதும். அந்த ஓடைக்கரையைக் காப்பது ஊராராலும் இயல்வதே. நீரை வடிக்காதிருத்தல், கரைப்புல்லை விட்டுவைத்தல், பூச்சிமருந்து கலந்த நீரைச் சதுப்பில் விடாதிருத்தல் ஆகியவை அதற்குப் போதிய தொடக்கமாகும்.

முடிவுரை

நீலகிரியின் ஓடைகள் பவானியாகவும் மோயாறாகவும் பெருகிக் காவிரியை அடைகின்றன. சமவெளியில் குடிநீர் அருந்தும் நாமும் அச்சதுப்புகளுக்குக் கடன்பட்டவர்களே. எலி வேறு, மூஞ்சூறு வேறு என்று பிரித்தறியும் சொல்வளம் நம் மொழியில் உண்டு. அதனைப் பேச்சிலும் பாடத்திலும் பேணுதல் தமிழ் மாணவர்தம் பணி. தம் ஊர்ச் சிற்றுயிர்களின் பெயர்களை இளையோருக்கு எடுத்துரைத்தல் பெரியோர்தம் பணி. பெயரிழந்த உயிர் மறைந்தால், மறைந்தது இன்னதென்று சொல்லவும் நம்மிடம் சொல் இராது.