சிறிய பழம், அதிக நிறம்: காட்டுப் புளூபெர்ரி

பேரங்காடியில் விற்கப்படும் புளூபெர்ரி பெரும்பாலும் தோட்டத்தில் பயிரிடப்பட்ட வகை. காட்டுப் புளூபெர்ரி வேறு இனம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலும் கனடாவின் கிழக்குப் பகுதியிலும் இது முழங்கால் உயரத்திற்கும் குறைவாக, தரையோடு படர்ந்து வளர்கிறது. யாரும் நடுவதில்லை, மண்ணுக்கடியில் ஓடும் தண்டுகள் மூலம் தானே பரவுகிறது. பழமும் சிறியது. ஆனால், அதே எடையுள்ள தோட்டப் பழத்தைவிட இதில் நிறமி அதிகம். ஏன்?

தோலில் உள்ள கணக்கு

நீல நிறத்துக்குக் காரணம் அந்தோசயனின் எனும் நிறமி. நாசி கெராபுவுக்கு நிறம் தரும் சங்குப்பூவிலும், நாவற்பழத்திலும் இருப்பது இதே குடும்பத்து நிறமிதான். புளூபெர்ரியில் இது பெரும்பாலும் தோலில்தான் தங்கியிருக்கிறது.

பழத்தை ஓர் உருண்டையாகக் கொள்வோம். பெரிய பழத்தின் ஆரம் 8 மி.மீ., சிறியதன் ஆரம் 4 மி.மீ. ஆரம் பாதியானால் கன அளவு எட்டில் ஒரு பங்காகும். மேற்பரப்பு நான்கில் ஒரு பங்காகும். ஆகவே, 8 சிறிய பழங்களின் எடை ஒரு பெரிய பழத்துக்குச் சமம். அவற்றின் மொத்தத் தோலோ 8 × ¼ = 2 மடங்கு. தோல் கூடும்போது நிறமியும் கூடுகிறது.

உடலுக்கு என்ன கிடைக்கும்?

100 கிராம் காட்டுப் புளூபெர்ரியில் ஏறத்தாழ 57 கிலோகலோரி ஆற்றலும் 4 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. எலும்பு வளர்ச்சிக்குத் தேவையான மாங்கனீசும் நிறைய உண்டு. விட்டமின் சி-க்கு நம் ஊர்க் கொய்யாவே மேல்!

அந்தோசயனின் ஓர் ஆக்சிஜனேற்றத் தடுப்பான். உணவுகளின் தடுப்பாற்றலைச் சோதனைக் குழாயில் அளந்து, அந்த எண்ணைக் காட்டி விளம்பரம் செய்த காலம் உண்டு. அந்த எண் உடலுக்குள் நடப்பதைக் காட்டுவதில்லை என்பதால், அமெரிக்க வேளாண்மைத் துறை 2012-இல் தன் பட்டியலை நீக்கியது. நாம் உண்ணும் அந்தோசயனினில் பெரும்பகுதியைக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. அப்போது உண்டாகும் பொருள்களே இரத்தத்தில் கலக்கின்றன.

ஆகவே, மனிதர்களிடம் செய்த சோதனையே முக்கியம். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 65 முதல் 80 வயதுக்குட்பட்ட 61 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு குழு 12 வாரங்களுக்குத் தினமும் 26 கிராம் காட்டுப் புளூபெர்ரித் தூளையும், மறு குழு அதைப்போன்ற போலித் தூளையும் உட்கொண்டது. புளூபெர்ரிக் குழுவினரின் இரத்தக் குழாய்கள் நன்கு விரிந்தன. இரத்த அழுத்தம் சற்றுக் குறைந்தது. சில நினைவாற்றல் சோதனைகளிலும் அவர்கள் முன்னேறினர்.

நல்ல செய்திதான். ஆனால், பங்கேற்றோர் 61 பேர் மட்டுமே, எல்லாரும் முதியோர். காட்டுப் புளூபெர்ரி உற்பத்தியாளர் சங்கமும் இதற்கு நிதி அளித்தது. இதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. பதின்ம வயதினருக்கும் இதே பலன் கிடைக்குமா என்பதற்கு இதில் விடை இல்லை. மருந்துக்குப் பதிலாகப் பழத்தை உண்ணலாம் என்றும் இது சொல்லவில்லை.

மாணவர்களே, ‘மூளைக்கு நல்லது’ என்று எந்த உணவுப் பொட்டலத்திலாவது கண்டால், மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. சோதனை நடந்தது குழாயிலா, மனிதரிடமா?
2. எத்தனை பேர், எந்த வயதினர்?
3. பணம் கொடுத்தவர் யார்?