பழைய ஒலிநாடாக்களைக் காப்போம்

நம் ஊர்ப் பெரியோர் பாடிய நடவுப் பாட்டையும் கூத்தையும் 1980-ஆம் ஆண்டுகளில் பலர் காசெட்டில் பதிந்து வைத்தனர். பாடியவர்களுள் பலர் இன்று இல்லை. அவர்தம் குரலைத் தாங்கிய நாடாவும் ஈரத்தாலும் வெப்பத்தாலும் நலிந்து வருகிறது. ஆகவே, அக்குரலைக் கணிப்பொறியில் ஏற்றிக் காப்பது நம் கடமையாகும்.

முதலில், காசெட்டில் நாடா தெரியும் விளிம்புக்கு எதிர்ப்புறமுள்ள இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை ஒடித்துவிட வேண்டும். பிறகு தவறியும் வேறு பதிவு அதன்மேல் ஏறாது. டேப் ரிக்கார்டரின் ஒலிமுனையைத் தூய்மை செய்து, அதன் ஒலி வெளிவரும் துளையைக் கம்பியால் கணிப்பொறியின் ஒலி உள்வாங்கும் துளையுடன் இணைக்கலாம். அத்துளை இல்லையெனில், யு.எஸ்.பி. ஒலிக்கருவி ஒன்று தேவைப்படும். பதிவு செய்ய ‘ஆடாசிட்டி’ என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் செலவாகும், அவசரம் கூடாது. ‘வேவ்’ வடிவில் சேமித்தால் அதற்குச் சுமார் 600 மெகாபைட் இடம் வேண்டும்.

பாடியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தவறாது குறித்தல் வேண்டும். விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் வைப்பது அறிவுடைமையன்று. அதுபோல, ஒரு படியை வீட்டிலும் மற்றொன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் வைப்போமாக! மூல நாடாவையும் எறிந்துவிடலாகாது.