நாட்டார் கதையும் சிறுவர் படநூலும்

க.பொ.த. (சாதாரண தரம்) – தமிழ்மொழியும் இலக்கியமும்
கட்டுரைப் பயிற்சி

நோக்கம்: வாய்மொழிக் கதை படநூலாகும்போது எவை நிலைக்கின்றன, எவை மாறுகின்றன என விளங்கி எழுதுதல்.

1. அறிமுகம்

மாணவர்களே, பாட்டி வடை சுட்ட கதையை முதன்முதலில் எங்கே அறிந்தீர்கள்? பலருக்கு அம்மம்மாவோ அப்பாச்சியோ சோறு தீத்தும்போது சொல்லியிருப்பார். அதை எழுதியவர் யார் என்று கேட்டால் விடை இல்லை. இவ்வாறு ஆசிரியர் பெயரின்றி வாய்வழியாக வழங்கிவரும் கதையே நாட்டார் கதை. அதை ஒருவர் எழுத, ஓவியர் வரைய, படநூல் பிறக்கிறது. இதற்கு ஆபிரிக்கக் கதைகள் சிறந்த எடுத்துக்காட்டு.

2. அனான்சி என்னும் சிலந்தி

அனான்சி, கானா நாட்டு அசாந்தி மக்களின் கதைகளில் வரும் தந்திரசாலிச் சிலந்தி. ஒரு கதையில், உலகின் கதைகளெல்லாம் வான்தேவனின் பெட்டியில் இருக்கின்றன. சிறுத்தை, குளவிகள், கண்ணுக்குத் தெரியாத தேவதை ஆகியவற்றைப் பிடித்துக் கொடுத்து அனான்சி அப்பெட்டியைப் பெறுகிறான். பலத்தால் அன்று, புத்தியால்.

அசாந்தியரும் அயல் மக்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டபோது கையில் எதையும் கொண்டுசெல்ல இயலவில்லை. கதையை நெஞ்சில் கொண்டு சென்றனர். அதனாலேயே அட்லாந்திக்குக்கு அப்பால், ஜமெய்க்காவிலும் அனான்சி கதைகள் வழங்குகின்றன.

3. படம் செய்யும் வேலை

மேற்சொன்ன கதையை கெயில் ஹேலி என்ற அமெரிக்கப் பெண்மணி 1970இல் மரச்செதுக்கு ஓவியங்களுடன் நூலாக்கினார். அதற்கு 1971இல் கால்டெகொட் பதக்கம் கிடைத்தது. அதில் அனான்சி ஒரு கிழவனாகத் தோன்றுகிறான். 1972இல் ஜெரால்ட் மக்டெர்மொட் வேறோர் அனான்சி கதையை வரைந்தார். அதில் அவன் கோண வடிவங்களால் அமைந்த சிலந்தி.

காதால் கேட்கும் பிள்ளைகள் பத்துப் பேர் என்றால் பத்து அனான்சி. படநூலைப் பார்க்கும் பிள்ளைக்கோ ஓவியர் காட்டிய அனான்சியே மனத்தில் நிற்பான். ஆகவே ஓவியரும் ஒரு கதைசொல்லியே.

4. ஒலியும் இலக்கணமும்

நுளம்பு ஏன் காதருகே ரீங்காரமிடுகிறது என்னும் மேற்கு ஆபிரிக்கக் கதையை வேர்ணா ஆர்டிமா எழுத, லியோ, டயான் டிலன் தம்பதியர் வரைந்தனர் (1975). இந்நூல் 1976இல் அதே பதக்கத்தைப் பெற்றது. நுளம்பு சொன்ன ஒரு பொய், விலங்கு விலங்காகத் தொடர்ந்து, இறுதியில் சூரியனே உதிக்காமல் நிற்கும் நிலையை உண்டாக்குகிறது. பாம்பு ஊர்வதற்கு ஓர் ஒலி, முயல் ஓடுவதற்கு வேறோர் ஒலி எனக் கதைசொல்லியின் குரல் எழுத்திலும் கேட்கிறது. இவை எமது இரட்டைக்கிளவியை (சலசல, படபட) ஒத்தவை. ஹேலியின் நூலில் பொருளை மிகுவிக்க ஒரே சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. அது அடுக்குத்தொடரை ஒத்தது.

5. எமது நாட்டில்

காலி, கிந்தோட்டையில் பிறந்த சிபில் வெத்தசிங்க (1927–2020) எழுதி வரைந்த ‘குட ஹொரா’ (1956) என்னும் குடைத்திருடன் கதை பல மொழிகளில் வெளிவந்தது. கிராமத்துக் கதைபோல ஒலித்தாலும் அது அவரே புனைந்தது. அதை நாட்டார் கதை என எழுதுதல் தவறு.

6. பரீட்சையில் நேரும் பிழைகள்

• “ஆபிரிக்கா என்னும் நாடு” என எழுதுதல். ஆபிரிக்கா 54 நாடுகளைக் கொண்ட கண்டம். எமது கதையை “ஆசியக் கதை” என்று மட்டும் சொன்னால் நாம் ஏற்போமா? எந்த மக்களின் கதை எனத் தெரிந்தால் பெயர் குறிப்பிடுக.
• மீள எழுதியவரைக் கதையின் ஆசிரியர் எனல். கதை மக்களுடையது, எழுத்து அவருடையது.
• ஓவியரின் பெயரை விட்டுவிடுதல்.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: நாட்டார் கதையைப் படநூலாக்குவதால் ஏற்படும் ஒரு நன்மையும் ஓர் இழப்பும் தருக.
விடை: சொல்பவர் மறைந்தாலும் கதை அழியாது நிலைக்கும் என்பது நன்மை. சொல்பவரின் குரலும், கேட்பவருக்கேற்பக் கதையை மாற்றும் சுதந்திரமும் குறைதல் இழப்பு.

8. செயற்பாடு

உமது வீட்டிலோ அயலிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் ஒரு கதை கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுக. “எண்டு”, “கிடக்கு” என்பவற்றைத் திருத்த வேண்டாம். அவர் வெளிநாட்டில் இருப்பின் தொலைபேசியில் கேட்கலாம். கதையின் கீழே அவர் பெயரையும், அவர் அதைக் கேட்ட ஊரையும் குறிக்க. இடப்பெயர்வுகளில் நாம் வீட்டையும் நூல்களையும் விட்டு ஓடினோம். கதைகள் முதியோருடன் வந்தன. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். இதற்குப் புள்ளி இல்லை; ஆனாலும் செய்யுங்கள்.